பட்டறையில் ஒழுங்கு, ரோட்டில் மக்கர்: பழைய டீசல் லாரியில் வந்து வந்து போகும் கரண்ட் கோளாறைப் பிடிக்கும் முறை

பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தலைவலி. ராத்திரி ரோட்டில் லைட் அணைந்து அணைந்து எரியும். இல்லாவிட்டால் மீட்டர் போர்டு செத்துப்போகும், செல்ஃப் அடிக்காது, இன்ஜின் திடீரென்று நின்று பத்து நிமிஷம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும். காலையில் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு குறையும் தெரியாது. அவர் சந்தேகப்பட்ட ஒன்றை மாற்றி அனுப்புவார். அடுத்த லோடில் கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

என் லாரியில் இப்படி மூன்று மாதம் ஓடியது. 24 வோல்ட் வண்டி, டீசல் அடிக்க இன்லைன் பம்ப், இன்ஜினை நிறுத்தக் கம்பியை இழுக்கிற பழைய ரகம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கமாகத் தொப்பூர் கணவாய் இறங்கும்போது ஒரு குழியில் சக்கரம் விழுந்தது. ஹெட் லைட், மீட்டர் போர்டு, ஹாரன் எல்லாம் ஒன்றாகப் போயின. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நொடியில் எல்லாம் திரும்பி வந்தன. சரிவில், லோடு வண்டியில், அந்த இரண்டு நொடி எவ்வளவு நீளம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே கீ சுவிட்ச், லைட் சுவிட்ச், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் மூன்றையும் மாற்றியிருந்தேன். மூன்றுமே நல்ல பாகங்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாகம் மாற்றுவது கடைசியில்தான் வரும். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்போம். கீழே சொல்வதெல்லாம் 24 வோல்ட் லாரிக்கு. 12 வோல்ட் வண்டி என்றால் பேட்டரி, சார்ஜிங் அளவுகளைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நோட்டு

ஒரு வாரம் பொறுத்து எழுதுங்கள். எப்போது வந்தது: குழியில் விழும்போதா, இடது பக்கம் திரும்பும்போதா, மழையிலா, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகா? குலுங்கும்போது வந்தால் லூஸ் காண்டாக்ட் அல்லது உரசிய ஒயர். சூடானால் வந்தால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), சொலினாய்டு (கரண்ட் வந்தால் உள்ளே இருக்கிற இரும்பை இழுக்கிற சுருள்), தளர்ந்த லக் (ஒயர் நுனியில் போல்ட் மாட்டுகிற உலோக வளையம்). மழையில் வந்தால் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் கசிகிற பியூஸ் பாக்ஸ், பின் விளக்கின் சாக்கெட். இது நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது, ஆனால் எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

அதைவிட முக்கியம், எவையெல்லாம் ஒன்றாகப் போயின, எது போகவில்லை என்பது. என் வண்டியைப் பிடித்துக் கொடுத்தது இந்தக் கேள்விதான். தொப்பூர் இறங்கி டீக்கடையில் நின்றபோது பின்னால் வந்த லாரிக்காரர், “அண்ணே, உங்க முன் வெளிச்சம் ரெண்டு தடவை போச்சே, பின் லைட் மட்டும் அணையவே இல்லையே” என்றார். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. பின் விளக்குக்குப் போகிற கரண்டும் கேபினில் உள்ள அதே கீ சுவிட்ச், அதே லைட் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அது எரிந்துகொண்டே இருந்தால் பாசிட்டிவ் பக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் பின் விளக்குக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில். போன சாமான் அத்தனைக்கும் எர்த் கேபினில். ஆக, போனது கேபின் எர்த்.

இதே மாதிரி உங்கள் வண்டியில் ஒன்றாகச் சாகிற சாமான்களைப் பட்டியல் போட்டு, அவை எல்லாம் பொதுவாகத் தொடுகிற இடம் எது என்று பாருங்கள். ஒரே பியூஸா, ஒரே ரிலேயா, ஒரே எர்த் போல்ட்டா? ஒரு சாமான் மட்டும் போனால் கோளாறு அதன் பக்கத்திலேயே இருக்கும். எல்லாமே போனால் பேட்டரி பக்கம்.

இன்னொரு கேள்வி: கோளாறு தொடங்குவதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? பாட்டுப் பெட்டி மாட்டினீர்களா, கிளட்ச் வேலைக்குக் கியர் பாக்ஸ் இறக்கினீர்களா, எஃப்சிக்காக (வண்டியின் தகுதிச் சான்றிதழுக்காக) பெயிண்ட் அடித்தீர்களா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. கையில் வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், முடிந்தால் மின்-மேக்ஸ் வசதி (அளந்ததில் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் நினைவில் வைப்பது) உள்ளது. ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது 24 வோல்ட் 21 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு நீள ஒயர், நுனியில் கிளிப். ஒரு பழைய ஹெட் லைட் பல்பு. உப்புத்தாள், கம்பி பிரஷ், நல்ல லக், கிரிம்பிங் டூல், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பெட்ரோலியம் ஜெல்லி.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்பார்கள். பத்தொன்பது இழை அறுந்து ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கிற ஒயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்டக் கரண்டே எடுப்பதில்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும், களிம்பு பிடித்த இணைப்பில் அது மங்கும். ஹெட் லைட் பல்பு 3 ஆம்பியர் அளவு இழுப்பதால் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். எதையும் லோடு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். மீட்டரில் வோல்ட் வந்துவிட்டது என்று ஒரு ஒயருக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். கேபினைச் சாய்க்கிற வண்டி என்றால் லாக் விழுந்ததா என்று இருமுறை பாருங்கள். மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மாட்டிய ஸ்பேனர் அப்படியே பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருவதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

3. பேட்டரிகள்: இரண்டையும் தனித்தனியாக

24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. மொத்தமாக அளந்து 25 வந்தால் போதாது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு ஒவ்வொன்றும் 12.6 அளவில் இருக்க வேண்டும். ஒன்று 12.8, மற்றது 12.1 என்று இருந்தால் கூட்டிப் பார்க்க நன்றாகத்தான் தெரியும். லோடு விழுந்ததும் பலவீனமானது படுத்துவிடும்.

இந்த வித்தியாசத்துக்கு நம் வண்டிகளில் பொதுவான காரணம், பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் உருவுவது. உருவப்படுகிற பேட்டரி எப்போதும் அரைவயிறு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோ (ஆல்டர்னேட்டர்) 24 வோல்ட்டைத்தான் பார்க்கும், அதனால் மற்ற பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பேட்டரிக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி ஊற்றுகிறீர்கள் என்றால் இதைப் பாருங்கள். 24-இலிருந்து 12-க்கு இறக்குகிற கன்வர்ட்டர் போட்டால் தொல்லை தீர்ந்தது.

டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள். கை வலுவுக்கு அசைந்தால் அது லூஸ். வெளியே சுத்தமாக இருந்தாலும் கழற்றி, போஸ்ட்டையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். இரண்டு பேட்டரியையும் இணைக்கிற குட்டை கேபிளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதையும் கழற்றித் தேயுங்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதன் இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தேய்ந்த கட்-ஆஃப் சுவிட்ச், குலுங்கும்போது முழு வண்டியையும் அணைத்துவிடும்.

4. எர்த்: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

லாரியில் எல்லாக் கரண்டும் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். கேபினும் அப்படியே. அதனால் பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கேபிள், சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கோ கியர் பாக்ஸுக்கோ ஒரு பின்னல் பட்டை, சேஸிஸிலிருந்து கேபினுக்கு இன்னொன்று. இந்த மூன்று இணைப்பை நம்பித்தான் முழு ஒயரிங்கும் இருக்கிறது. கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும்போது இந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்த வண்டிகளும் உண்டு. அப்போது செல்ஃப் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாக வழி தேடிப் போகும். செல்ஃப் அடித்தபின் அந்த கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

மோசமான எர்த்துக்கு வேறு அடையாளங்களும் உண்டு. லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் மீட்டர் போர்டின் எர்த். பிரேக் அழுத்தினால் பின்னால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால் அந்த விளக்குப் பெட்டியின் எர்த்.

இதை ஓம் வைத்து அளக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியரில் 0.01 ஓம் இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரால் 0.01 ஓமைப் பார்க்கவே முடியாது. அதனால் வோல்ட் எவ்வளவு தொலைகிறது என்று அளக்க வேண்டும். முறை இதுதான்:

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டின் ஈயத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இடத்தில். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஐந்து நொடி செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் போஸ்ட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில், கிளாம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில், சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் என்று ஒவ்வொரு துண்டாக அளந்து வாருங்கள். எந்தத் துண்டில் வோல்ட் தொலைகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு.

கேபினுக்கு: எல்லா லைட்டையும் வைப்பரையும் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் கேபின் இரும்புக்கும் நடுவில் அளக்கவும். 0.2-க்குள் வர வேண்டும். என் வண்டியில் நின்றபடி 0.3 காட்டியது, பெரிதாகப் பயமுறுத்தும் அளவு இல்லை. கிளீனர் தம்பியைப் படியில் ஏறிக் கேபினை உலுக்கச் சொன்னேன். 4, 9, 21 என்று எண்கள் துள்ளின. ஹெட் லைட்டும் கூடவே துடித்தது. மூன்று மாதம் கண்ணில் படாமல் இருந்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

கேபினுக்கு அடியில் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றினேன். லக்குக்கு அடியில் சேஸிஸ் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். எஃப்சிக்கு முன் பெயிண்ட் அடித்தவர்கள் பட்டையைக் கழற்றி, இரும்பில் அடித்து, காய்ந்ததும் அதன் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு கரண்டும் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்தது. லக்கின் ஓரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு தெரிய உப்புத்தாள் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே ஜெல்லி பூசினேன். பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் இறுக்கிய பிறகு மேலே அடியுங்கள், அடியில் வேண்டாம்.

5. பாசிட்டிவ் பாதை

எர்த் சரி என்றால் இதே அளவீட்டைப் பாசிட்டிவ் பக்கம் செய்யுங்கள். பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கு, செல்ஃப் அடிக்கும்போது இங்கேயும் 0.5-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அப்புறம் கேபினுக்கான மெயின் ஒயர் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடுங்கள். பல வண்டிகளில் இந்த செல்ஃப் டெர்மினலிலேயே ஒரு சின்ன லக்காக மாட்டியிருக்கும். இன்ஜின் அதிர்வும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்த லக்கின் கழுத்தில் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். ஒயரைப் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு அறுந்துவிட்டது, வெளித்தோல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

6. பியூஸ், ரிலே, கீ சுவிட்ச்

பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கழற்றி, அதைப் பிடிக்கிற தகடுகளைப் பாருங்கள். பழுப்பேறி விரிந்திருந்தால் அங்கே சூடு கிளம்புகிறது. பியூஸுக்குப் பதில் சிகரெட் தாளோ செம்புக் கம்பியோ இருந்தால் இன்றே மாற்றுங்கள். லாரி எரிவதற்கு அது போதும்.

ரிலேயைச் சந்தேகப்பட்டால் அதே ரகத்தில் உள்ள ஹாரன் ரிலேயை எடுத்து இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் ரிலேதான். சூடேறினால் வருகிற கோளாறுக்கு, தலைமுடி காயவைக்கிற டிரையரை ரிலேயின் மேல் சில நிமிஷம் பிடிக்கலாம். கீ சுவிட்ச்சில் சாவியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கனமான சாவிக்கொத்து தொங்கினால் உள்ளே காண்டாக்ட் சீக்கிரம் தேயும்.

7. இன்ஜினே நின்று போனால்

முதலில், கரண்ட் கோளாறா டீசல் கோளாறா என்று பிரிக்க வேண்டும். இன்லைன் பம்ப்பும் கம்பி ஸ்டாப்பரும் உள்ள வண்டி ஒருமுறை ஸ்டார்ட் ஆனபின் ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. அது நின்றால் ஒயரிங்கை விட்டுவிட்டு டீசல் லைன், காற்று, பில்டர் என்று போங்கள். ரோட்டரி பம்ப் வண்டிகளிலும் சில இன்லைன் பம்ப்களிலும் டீசலை அடைக்க சொலினாய்டு இருக்கும். பெரும்பாலான ரோட்டரி பம்ப்பில் கரண்ட் இருக்கும் வரைதான் டீசல் போகும், கரண்ட் அறுந்தால் இன்ஜின் நிற்கும். டீசல் குறைந்து நிற்கிற இன்ஜின் திணறி, இழுத்து, மூச்சு முட்டி நிற்கும். சொலினாய்டு கரண்ட் போனால் சாவியைத் திருப்பின மாதிரி பட்டென்று நிற்கும்.

சாவியை ஆன் செய்து ஆஃப் செய்தால் பம்ப்பில் ‘டக்’ என்ற சத்தம் வர வேண்டும். வருகிறது, ஆனாலும் ரோட்டில் நிற்கிறது என்றால் காவல் பல்பு கட்டுங்கள். சொலினாய்டு முனையிலிருந்து ஒரு ஒயர், அதற்குக் கரண்ட் கொடுக்கிற பியூஸின் வெளிமுனையிலிருந்து (கரண்ட் வெளியே போகிற முனை) ஒரு ஒயர், கீ சுவிட்ச்சின் வெளிமுனையிலிருந்து ஒரு ஒயர். ஒவ்வொன்றும் கிளம்புகிற இடத்தில் ஒரு சின்ன பியூஸ் போட்டு, டாஷ்போர்டில் மூன்று சின்ன பல்புகளுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றுக்கும் எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் கேபின் எர்த் போனாலும் மூன்றும் அணைந்து குழப்பும். இப்படியே ஓட்டுங்கள். இன்ஜின் நிற்கிற நொடியில் கிளீனர் பல்பைப் பார்க்கட்டும். கீ பல்பும் பியூஸ் பல்பும் எரிய, சொலினாய்டு பல்பு மட்டும் அணைந்தால் பியூஸிலிருந்து பம்ப் வரையுள்ள ஒயர். மூன்றும் அணைந்தால் கீ சுவிட்ச் அல்லது அதற்கு முன்னால். மூன்றும் எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால் சொலினாய்டு அல்லது டீசல். எந்தக் கோளாறானாலும் இந்த முறை பொருந்தும். பட்டறைக்கு வர மறுக்கிற கோளாறை ரோட்டிலேயே பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

8. டைனமோ

இன்ஜின் 1500 சுற்றில் ஓடும்போது பேட்டரியில் 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். லைட் எல்லாம் போட்டும் பெரிதாக இறங்கக் கூடாது. 30-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பல்புகள் வரிசையாகப் பீஸ் போகும். சார்ஜ் லைட் ஓடும்போது மினுக்கினால் டைனமோவின் தேய்ந்த கார்பன் பிரஷ், தளர்ந்த பெல்ட், லூஸான ஒயர் மூன்றையும் பாருங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கழற்றிய நொடியில் வோல்ட் எகிறி டயோடு, ரெகுலேட்டர், எரிந்துகொண்டிருக்கிற பல்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காலி செய்துவிடும்.

9. ஒயரிங் கட்டு: அடி அடியாகத் தேடல்

இதுவரை அகப்படவில்லை என்றால் ஒயர் எங்கோ உரசுகிறது. சந்தேகமான ஒயரின் கடைசி முனையில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி, பல்பைக் கண் முன்னால் தொங்கவிட்டு, ஒயரிங் கட்டை ஒவ்வோர் அடியாகப் பிடித்து மெல்ல வளைத்துக்கொண்டே போங்கள். முழுக் கட்டையும் பிடித்து உலுக்கினால் எந்த இடம் என்று தெரியாது. கேபின் சாய்கிற கீல் பக்கம், ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே, சேஸிஸ் ஓட்டையில் ரப்பர் வாஷர் விழுந்துபோன இடம், சைலன்சர் பக்கம், எலி கூடு கட்டுகிற பேட்டரிப் பெட்டி. இவற்றை முதலில் பாருங்கள்.

பியூஸ் அவ்வப்போது போகிறது என்றால் புதுப் பியூஸாகப் போட்டுத் தீர்க்காதீர்கள். பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைக்கு நடுவில் பழைய ஹெட் லைட் பல்பை மாட்டுங்கள். அந்த லைனில் உள்ள சாமான்களை அணைத்துவிடுங்கள். ஒயர் இரும்பைத் தொடும் நேரத்தில் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயர் கருகாது. அசைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் பல்பு எரிந்து அணைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பழைய ஒயரிங்கில் நிறத்தை நம்பாதீர்கள். யார் யாரோ வெட்டி, கையில் கிடைத்த ஒயரில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். கறுப்பு டேப் சுற்றிய இடத்தையெல்லாம் பிரித்துப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு டீசல் பிசுக்கில் இளகி, உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

10. சரிசெய்வதும் பிறகு பார்ப்பதும்

களிம்பு ஏறிய செம்பை வெட்டி எறிந்து, பளிச்சென்ற செம்பு வரும் வரை தோலை உரித்து, கிரிம்ப் செய்து ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். அதே தடிமன் அல்லது ஒரு படி பெரிய ஒயர்தான் போட வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்துக்கு இரு பக்கமும் கிளிப் வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதிர்வு அங்கேயே வேலையைக் காட்டும்.

பிறகு எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். லோடோடு வந்தது என்றால் லோடோடு, மழையில் வந்தது என்றால் பியூஸ் பாக்ஸுக்கு மேலே உள்ள கண்ணாடியில் தண்ணீர் அடித்து. நான் அடுத்த மூன்று லோடும் மின்-மேக்ஸ் மீட்டரைப் பேட்டரி நெகட்டிவுக்கும் கேபினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டே தொப்பூர் இறங்கினேன். அதிகபட்ச அளவு 0.12-ஐத் தாண்டவில்லை. ஓடி நின்றதும், சாவியை ஆஃப் செய்துவிட்டு, புதிதாக முடுக்கிய ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். சுற்றியிருக்கிற இரும்பைவிடச் சூடாக இருந்தால் அதை மறுபடி கழற்ற வேண்டும். 500 கிலோமீட்டர் கழித்து எர்த் போல்ட் மூன்றையும் இன்னொரு முறை முடுக்கிவிட்டு, தேதியையும் அளவையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.